நாமக்கல்லில் அஞ்சு பைசா, எங்கள் கடையில் அம்பது பைசா

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேன்காரத் தம்பியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரே ஒரு எண் வரும். 535. அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, ரோஜாப்பூ படம் கிடையாது. கல்யாணமாகி வந்து கடையில் உட்கார்ந்த புதிதில், "இது என்ன பஸ் நம்பரா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அப்போது வாட்ஸாப் இல்லை, போனில் குறுஞ்செய்தியாக வரும். அது நாமக்கல்லில் நூறு முட்டையின் விலை என்று அவர்தான் விளக்கினார். இப்போது 535 என்று வந்தால் நூறு முட்டைக்கு 535 ரூபாய், அதாவது ஒன்று ஐந்து ரூபாய் முப்பத்தைந்து பைசா.

எங்கள் கடை கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்நகருக்கும் குளச்சலுக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் ஒரு முக்கில் இருக்கிறது. பலசரக்கு, பழக்குலை, பால், முட்டை. இதில் தினமும் விலை மாறுகிற சாமான் முட்டை ஒன்றுதான். பருப்பு மாதத்துக்கு ஒரு தடவை மாறும், சோப்பு வருஷத்துக்கு ஒரு தடவை இளைத்துப் போகும். முட்டைக்கு மட்டும் தினமும் ஜாதகம் பார்க்கிற மாதிரி அந்த எண்ணைப் பார்த்தாக வேண்டும்.

விலையைச் சொல்வது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982இல் பண்ணைக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. அதற்கு முன்னால் வியாபாரி வைத்ததுதான் விலையாம். இப்போது குழு சொல்கிற விலைக்கும் பண்ணைக்காரர் கையில் வாங்குகிற விலைக்கும் நடுவில் 'மைனஸ்' என்று ஒன்று உண்டு. அறிவித்த விலையிலிருந்து வியாபாரி இத்தனை பைசா கழித்துக்கொண்டுதான் எடுப்பார். பண்ணைக்காரர்கள் இந்த மைனஸோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு மைனஸ் கிடையாது, எல்லாமே ப்ளஸ்தான். நாமக்கல்லிலிருந்து கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி தாண்டி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வந்து சேர நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது. டீசல், ஏற்றுக்கூலி, மொத்தக் கடைக்காரர் லாபம், வேன்காரத் தம்பியின் லாபம் எல்லாம் ஏறி, 535 என்று செய்தி வந்த நாளில் என் கடை வாசலில் இறங்கும்போது முட்டை ஐந்து ரூபாய் தொண்ணூறு பைசா.

ஒரு பெட்டியில் முப்பது முட்டை அட்டை ஏழு, மொத்தம் 210 முட்டை. பெட்டிக்கு 1,239 ரூபாய் கொடுக்கிறேன். அதில் மூன்று முட்டையாவது உடைந்தோ கீறியோ இருக்கும். மேல் அட்டையில் இருந்தால் தம்பியிடம் சண்டை போட்டு மாற்றிக்கொள்ளலாம். அடி அட்டையில் இருந்தால் இரண்டு நாள் கழித்து நாற்றம் வரும்போதுதான் தெரியும். மீதி 207 முட்டையை ஆறரை ரூபாய்க்கு விற்றால் 1,345 ரூபாய் 50 பைசா. ஆக ஒரு பெட்டி விற்று முடித்தால் எனக்கு நிற்பது நூற்றாறு ரூபாய் ஐம்பது பைசா. ஒரு பெட்டி தீர எங்கள் முக்கில் மூன்று நாள் ஆகும்.

இந்தக் கணக்கை எழுதக் காரணம் நாலு நாளாக நான் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஏச்சு. "என்ன பிள்ள, நேத்து ஆறரை, இன்னைக்கு ஏழா? கோழிக்கு என்ன பொன்னா தீனி போடுதானுவ?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். அவர் பேப்பர் படிக்கிறவர். "நாமக்கல்ல அஞ்சு பைசாதான் கூட்டியிருக்கான். நீ அம்பது பைசா கூட்டுதியே, இது எந்த ஊரு நியாயம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் படித்தது அன்றைய அஞ்சு பைசாவை மட்டும். அதற்கு முன்னால் ஐந்து தடவை அஞ்சு அஞ்சு பைசாவாக ஏறியபோது நான் போர்டைத் தொடவே இல்லை. 540, 545, 550 என்று செய்தி வரும், நான் ஆறரையிலேயே நிற்பேன். ஒவ்வொரு அஞ்சு பைசாவுக்கும் பெட்டிக்குப் பத்தரை ரூபாய் என் லாபத்தில் குறையும். 565 ஆனபோது முட்டை என் வாசலுக்கு வருவது ஆறு ரூபாய் இருபது பைசா, பெட்டிக்கு எனக்கு நிற்பது நாற்பத்து மூன்றரை ரூபாய். மூன்று நாளைக்கு நாற்பத்து மூன்றரை! அன்றைக்குத்தான் சாக்கட்டியை எடுத்தேன்.

சரி, ஆறு ரூபாய் அறுபது பைசா என்று எழுத வேண்டியதுதானே? எழுதலாம். பைசா எங்கே இருக்கிறது? இருபத்தைந்து பைசாவை 2011 ஜூனோடு அரசாங்கமே நிறுத்திவிட்டது. ஐம்பது பைசா சட்டப்படி இன்றும் செல்லும், ஆனால் பஸ்ஸில் கொடுத்துப் பாருங்கள், கண்டக்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நாமக்கல்லில் ஒரு லட்சம் முட்டை ஏற்றுகிற லாரிக்கு அஞ்சு பைசா என்பது ஐயாயிரம் ரூபாய். எங்கள் முக்கில் ஒற்றை முட்டை வாங்குகிறவருக்கு அஞ்சு பைசா என்று ஒரு பொருளே கிடையாது. அங்கே படியில் ஒவ்வொரு படியாக ஏறுகிற விலை இங்கே ஒரேயடியாக மதில் தாண்டிக் குதிக்கிறது. திருடியது யாருமில்லை, சில்லறை இல்லை, அவ்வளவுதான்.

முழு யோக்கியமாகவும் என்னைக் காட்டிக்கொள்ள மாட்டேன். ஏறும்போது ஐந்து தடவை பொறுத்தேன் என்றால், இறங்கும்போதும் நாலைந்து நாள் பொறுக்கத்தான் செய்கிறேன். அதில்தான் விட்டதைப் பிடிக்க முடியும். இதை மாமாவிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஆறரை ரூபாய் இருக்கும் நாட்களில் அரை ரூபாய்க்கு மிட்டாய் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சர்க்கரை நோய்க்காரர்களிடம் மிட்டாயை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு பக்கம். ஏழு கொடுத்துப் போனால் கூட்டல் குறி போட்டு அரை, ஆறு கொடுத்துப் போனால் கழித்தல் குறி போட்டு அரை. பிள்ளைகள் இதற்கு 'அரை நோட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் நேர் செய்வேன்.

இனி முக்கியமான விஷயம். விலையைத்தான் நாமக்கல் சொல்லும். எத்தனை விற்கும் என்பதை எங்கள் ஊரில் சொல்வது மீன். குளச்சலில் சாளை மலிந்த அன்றைக்கு முட்டையை இலவசமாகக் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. காலையில் மீன்காரப் பாட்டியின் கூடையை எட்டிப் பார்த்தாலே அன்றைய முட்டை வியாபாரம் எனக்குத் தெரிந்துவிடும். சாளையும் நெத்திலியும் குவிந்து கிடந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். நாலு அயிலையை வைத்துக்கொண்டு நூறு ரூபாய் சொன்னாரென்றால், பத்து மணிக்குள் ஒரு அட்டை காலி.

தடைக்காலத்திலும் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வினோதம் உண்டு. சின்னமுட்டத்து விசைப்படகுகள் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல், இரண்டு தடை. ஜூன் மாதத்து முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் படகு கட்டிக் கிடக்கும். சின்ன வள்ளக்காரர்கள் கொண்டு வருவதுதான் மீன். மழையும் காற்றும் பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. அந்த இரண்டு வாரம்தான் எனக்கும் எதிர்க் கோழிக்கடைக்காரருக்கும் திருவிழா. நாமக்கல்லில் விலை இறங்கிக்கூட இருக்கும், இங்கே நாங்கள் நின்று பேச நேரமிருக்காது.

மாசி பங்குனியில் நேர்மாறு. மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை விழாவுக்கு விரதம் பிடிக்கிற வீடுகளில் முட்டை கிடையாது. அதோடு சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிடும். மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். இந்துவும் கிறிஸ்தவரும் ஒன்றாகச் சேர்ந்து என் கடையைப் புறக்கணிக்கிற மாதம் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அப்புறம் மே மாதம் பள்ளிக்கூடம் அடைப்பு. சத்துணவுக்கு வாரம் ஐந்து முட்டை என்று போய்க்கொண்டிருந்தது நின்றுவிடும். கோழி பள்ளிக்கூட லீவு பார்த்தா முட்டை போடும்? அது பாட்டுக்குப் போடும். ஒரு கோழி நாளைக்கு நூறு, நூற்றுப்பத்து கிராம் தீனி தின்றுகொண்டே இருக்கும், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விற்கிறவன் லீவு விட மாட்டான். பண்ணைக்காரர் பாட்டை நினைத்தால் என் நாற்பத்து மூன்றரை ரூபாய் பரவாயில்லை என்றிருக்கும்.

கார்த்திகை பிறந்தால் கதை மாறும். வடக்கே குளிர், முட்டைக்குக் கிராக்கி. இங்கே கேக். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா முடிந்ததும் வீட்டில் கேக் போடுகிற பெண்கள் அட்டைக் கணக்கில் வாங்க ஆரம்பிப்பார்கள். 2025 நவம்பரில் நாமக்கல் விலையே ஆறு ரூபாயைத் தாண்டியது. அந்த டிசம்பரில் கேக் போடுகிற ஒரு மைனி என் கடை வாசலில் நின்றே விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கிலோவுக்கு இருபது ரூவா கூட்டிர வேண்டியதுதான், வேற வழியில்ல" என்றார். அவர் கூட்டினார். வாங்குகிறவர்கள் அவரை ஏசினார்கள்.

நான் சரியாக அடிபட்டது 2021 ஜனவரியில். புத்தாண்டு, பொங்கல் என்று யோசித்து நாலு பெட்டி இறக்கி வைத்தேன். அந்த வாரம்தான் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி. கேரள எல்லையில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கிறதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு கோழிக்குத் தும்மல் கூட இல்லை. என் முட்டையோ எதிர்த் திசையிலிருந்து வந்தது. நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்று டாக்டர்களும் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? முட்டை இருக்கும் பக்கம் பார்த்தால்கூடத் தொற்றிவிடும் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலை வாங்கிப் போனார்கள். கடைசியில் மூன்று பெட்டியைத் ரோட்டோரத் தட்டுக்கடைக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் முட்டை. இளையவன் இன்றைக்கும் முட்டை அவியலைக் கண்டால் எழுந்து போய்விடுவான்.

எதிர்க் கோழிக்கடைக்காரர் அதற்கு முந்தின வருஷம் மார்ச்சிலேயே இதைப் பார்த்தவர். கொரோனா கோழியால் பரவுகிறது என்று எவனோ கிளப்பிவிட, பல்லடத்தில் கறிக்கோழி விலை பாதாளத்துக்குப் போனது. அவர் கடையில் கூண்டு நிறையக் கோழி, வெளியே ஈ. அவருக்கும் வாட்ஸாப்பில் எண் வரும், ஆனால் நாமக்கல்லிலிருந்து இல்லை, பல்லடத்திலிருந்து. பண்ணையில் உயிரோடு கிலோ இவ்வளவு என்று. ராத்திரி முழுக்க லாரியில் வந்து இறங்குகிற கோழி வழியிலேயே எடை குறையும், வெயில் காலத்தில் கூண்டுக்கு ஒன்றிரண்டு செத்தும் கிடக்கும். அதெல்லாம் சேர்த்துத்தான் அவர் போர்டு எழுத வேண்டும்.

அந்தப் போர்டில்தான் போன ஞாயிற்றுக்கிழமை சண்டை. 'உயிர் 140, கறி 220.' வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு தம்பி, "கத்தியப் பிடிச்சதுக்கு எண்பது ரூவாயா அண்ணே?" என்று கேட்டுவிட்டான். கூட்டமிருந்தது. கோழிக்கடைக்காரர் பதில் பேசவில்லை. கூண்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தார், சரியாக இரண்டு கிலோ. அறுத்து, தோலை உரித்து, தலை, கால், குடல் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, கறியை மட்டும் அதே தராசில் வைத்தார். ஒரு கிலோ முந்நூறு. "இருநூத்தி எண்பது ரூவாக் கோழி. கறி ஒண்ணு முந்நூறு. நீயே வகுத்துப் பாரு, படிச்சவன்தானே" என்றார். தம்பி போனை எடுத்து வகுத்தான். கிலோ இருநூற்றுப் பதினைந்து ரூபாய் சொச்சம். மீதி நாலரை ரூபாய்தான் கத்திக்கு. அதில் கழிவு எடுக்கிறவருக்கு வேறு கொடுக்க வேண்டும். தம்பி ஒன்றும் பேசாமல் இரண்டு கிலோ கறி வாங்கிக்கொண்டு போனான். இருந்தாலும் நான் ஒன்று சொல்வேன்: முழுக் கோழியாக உயிர் எடையில் வாங்கித் தோலோடு வெட்டச் சொல்கிறவர்களுக்குத்தான் அங்கே லாபம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் அப்படித்தான் வாங்குவார்கள். ஈரல், கழுத்து, கால் ஒன்றையும் விட்டுத்தர மாட்டார்கள்.

இந்த நாமக்கல், பல்லடம் எதற்கும் கட்டுப்படாத ஒரு விலை எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. மாமியின், அதாவது வீட்டுக்காரரின் அம்மாவின், நாட்டுக்கோழி முட்டை. ஆறு பெட்டை, ஒரு சேவல். விலை பதினைந்து ரூபாய், ஆனால் அது பெயருக்குத்தான். மாசமான பெண்ணுக்கு என்றால் பத்து. காரில் வந்து இறங்கி "ஒரிஜினல்தானா?" என்று கேட்டால் இருபது. கேட்ட குற்றத்துக்கு ஐந்து ரூபாய் அபராதம் என்று நினைக்கிறேன். சந்தையில் பழுப்பு முட்டையைக் காட்டி நாட்டு முட்டை என்று விற்கிறார்கள் என்றால் மாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பழுப்பு ஓடு போடுகிற பண்ணைக் கோழி இனமும் உண்டு. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் எத்தனை ரூபாய் கொடுத்தாலும் மாமியிடம் முட்டை கிடைக்காத நாள்கள் உண்டு. பதினைந்து முட்டை போட்டதும் கோழி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அடையில் உட்கார்ந்துவிடும். மாமி ஒற்றைப்படையாக எண்ணி, பதினொன்றோ பதின்மூன்றோ வைப்பார். இருபத்தொரு நாள். அதற்கப்புறம் குஞ்சு பின்னால் இரண்டு மாதம் அலையும். பண்ணைக் கோழி வருஷத்துக்கு முந்நூறு போடுகிறது, இது அறுபது, எழுபது. "அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?" என்பார் மாமி. அவருக்கே அறுபத்தெட்டு வயசு. விடியற்காலம் எழுந்து கூடு திறப்பதும் அவர்தான்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை, போர்டில் ஏழு என்று எழுதிய மறுநாள், மீன்காரப் பாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டு நோட்டை எடுக்கச் சொன்னார். அவர் தினமும் ஒரு முட்டை வாங்குவார், ராத்திரிக் கஞ்சிக்கு. தினமும் ஏழு ரூபாய் கொடுப்பார், மீதி அரையைக் கேட்கவே மாட்டார். எனக்கு அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

"பதிமூணு அரை ஆச்சா மக்களே?"

பார்த்தேன். சரியாகப் பதின்மூன்று.

"அப்போ எனக்க முட்டைய எடு. காசு இல்லாத முட்டை."

பதின்மூன்று அரை ஆறரை ரூபாய். போர்டைக் காட்டினேன். பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஏழு என்பது புரிந்ததும் இன்னும் ஓர் அரை வேண்டும் என்பதும் புரிந்துவிட்டது. விலை ஏழாகவே இருந்தால் ஏழு கொடுத்து ஏழுக்கு வாங்க வேண்டும், அரை மிஞ்சவே மிஞ்சாது. அதையும் பாட்டியே சொன்னார்: "இனி எப்பிடி சேரும் அது?"

முட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, மடியில் கட்டிக்கொண்டார். கூடையைத் தலையில் தூக்கிவிட்டேன். இரண்டடி போனவர் திரும்பி நின்று, "எழுதிட்டியா?" என்றார்.

எழுதினேன். பாட்டி பக்கத்தில் பதின்மூன்று அரையையும் அடித்துவிட்டு, கீழே கழித்தல் குறி போட்டு ஓர் அரை. இப்போது அவர்தான் எனக்குத் தர வேண்டும்.